இருவாச்சி வெளியே வரும்வரை

விடிந்ததும் விடியாததுமாக பேக்கரிக்குள் ஒரே ரகளை. மாவு பிசையும் மிஷின் ஓடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் மட்டும் உறுமுகிறது, தொட்டி அசைவேனா என்கிறது. தம்பி பக்கத்துத் தகரத்தைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே இருக்கவேண்டிய பெல்ட்டைக் காணோம். அறுந்திருந்தால் துண்டாவது கிடக்கும். அதுவும் இல்லை.

“பெல்ட்டுக்குக் காலா முளைச்சுது?” என்று கத்தினான். “இன்னைக்குன்னு பார்த்தா இப்படி ஆகணும்? மத்தியானம் மேனேஜர் வர்றாருக்கா!”

பட்டர் அக்கா குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தாள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். வெண்ணெய் தவிர வேறு எதையும் போட்டு அவள் பிஸ்கட் சுட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது.

மேனேஜர் என்பவர் பெரிய சூப்பர் மார்க்கெட்டின் ஆள். பிஸ்கட் பிடித்துப்போனால் அவர்களுடைய எல்லாக் கிளைக்கும் இங்கிருந்துதான் போகும். ஒரே ஒரு நிபந்தனை. மாசக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் பிஸ்கட் கெடக்கூடாது. வெண்ணெய் பிஸ்கட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, சீக்கிரமே காறல் வாடை அடித்துவிடும். அதனால்தான் தம்பி பாமாயில் கொழுப்பு ஒரு டின் வாங்கி வந்திருந்தான். மூடி திறக்காமல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அது. டின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக எண்ணெய்ப் பனையின் பழக்குலை, படத்திலேயே பளபளவென்று.

ஒரு வாரமாக அக்காவுக்கும் தம்பிக்கும் இதே சண்டைதான்.

“நாம ஒரு டின் வாங்கலேன்னா அழிஞ்ச காடு திரும்ப முளைச்சுடுமா? உன் சோப்புல பாமாயில் இருக்கு. ஷாம்புல இருக்கு. லிப்ஸ்டிக்ல கூட இருக்காம்!”

“நான் எப்படா லிப்ஸ்டிக் போட்டேன்?”

“பேச்சை மாத்தாதக்கா.”

மாற்றத்தான் பார்த்தாள். அவன் சொன்னது பொய்யா என்று பார்க்க சூப்பர் மார்க்கெட்டுக்கே போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட் பாக்கெட்டாகப் பொடி எழுத்தைப் படித்தாள். இந்த அம்மா எதையோ சுருட்டப் போகிறாள் என்று நினைத்துக் கடைப்பெண் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். முக்கால்வாசிப் பாக்கெட்டில் பாமாயில் இருந்தது. சிலதில் ‘தாவர எண்ணெய்’ என்று முகமூடி போட்டுக்கொண்டு இருந்தது.

முந்தின நாள் தம்பி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். “ஒரே அடுப்பை நம்பி ரெண்டு குடும்பம். என் பிள்ளைங்க வளருதுங்க. நீ பழசையெல்லாம் நினைச்சுக்கிட்டு வாழ்ந்துடுவ. நான் என்னக்கா பண்றது?” அது சுருக்கென்று தைத்தது. “சரிடா, போட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. தன் கையாலேயே அதை மாவில் கொட்டப் போகிறோமே என்று விடியும்வரை புரண்டுகொண்டிருந்தாள்.

இப்போது பெல்ட் இல்லை. அட, நல்லதாப் போச்சு என்று ஒரு நொடி நினைத்தாள். உடனே தன்மேலேயே கோபம் வந்தது.

“அப்பாவுக்கு டீ குடுத்துட்டு வந்து தேடறேன்” என்று பின்னறைக்குப் போனாள்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போய் ரொம்ப நாளாகிறது. ஒருநாள் இவளை “அம்மா” என்பார், இன்னொரு நாள் “டிரைவரே” என்பார். தலைமாட்டில் பழைய சாப்பாட்டுக் கேரியர் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். எடுத்து வைத்தால் ஊரைக் கூட்டிவிடுவார். நசுங்கிய, ஈயம் போன கேரியர். முந்தின நாள் தம்பி டின்னைத் தூக்கி வந்து, “அப்பா, பெரிய ஆர்டர்!” என்று காட்டியபோது, அவர் பழக்குலைப் படத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இன்று கேரியரைப் போர்வைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கையெல்லாம் கறுப்புக் கிரீஸ் மை.

“கையில என்னப்பா?”

“சத்தம் போடாத” என்றார். “சூப்பர்வைசர் வந்துடுவான்.”

அக்கா கேரியரை மெல்ல வாங்கிக் கொக்கியைத் தூக்கினாள். மேல்தட்டில் ஒன்றுமில்லை. அடித்தட்டில் மாவு மிஷினின் பெல்ட் சுருட்டிவைத்தபடி இருந்தது.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இதே கேரியர்தான். அப்போது அவள் பாவாடை தடுக்கித் தடுக்கி நடக்கும் சிறுமி. அப்பா புல்டோசர் டிரைவர். எண்ணெய்ப் பனை போடுவதற்காகக் காட்டைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அவள் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவாள். அந்தக் காட்டின் வாசனை இன்னும் அவள் மூக்கில் இருக்கிறது. ஈர மண்ணும் அழுகிய பழமும் கலந்த வாசனை. குரங்குகள் மேலேயிருந்து அவளுக்கு அழகு காட்டும், அவளும் விடமாட்டாள், திருப்பிக் காட்டுவாள். எத்தனை சந்தோஷமான நாட்கள் அவை!

நடுவில் ஒரு பெரிய மரம். அதன் பொந்தில் பெரிய அலகு வைத்த இருவாச்சிப் பறவை ஜோடி. பெண் பறவை முட்டையிட உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பூசி அடைத்துவிடும். ஒரு கீறல் மட்டும்தான் திறந்திருக்கும். ஆண் பறவை அத்திப்பழத்தைக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அது பறந்து வரும்போது ரயில் வருகிற மாதிரி இருக்கும், சிறகுச் சத்தம். அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நிற்பாள், சாப்பாடு ஆறிப்போகும்.

“அப்பா, மரத்தைத் தள்ளினா உள்ள இருக்கிற அம்மா என்னாகும்?”

அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் புல்டோசரின் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, சாப்பிட்டு முடித்த கேரியரின் அடித்தட்டில் சுருட்டி வைத்தார். “வீட்டுக்குக் கொண்டு போ கண்ணு. யாராவது கேட்டா மோர்க்குழம்புன்னு சொல்லு.”

சூப்பர்வைசர் வந்து குதித்தான். “மிஷின் ரிப்பேருங்க” என்று அப்பா தலையைச் சொறிந்தார். புது பெல்ட் வந்தது. வேறு பக்கமெல்லாம் சமர்த்தாக ஓடிய மிஷின் அந்த மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அதுவும் கேரியரில் ஏறியது. “உன் மிஷினுக்கு மட்டும் என்னய்யா வியாதி?” என்று அவன் கத்துவான். அவள் கேரியரைத் தூக்கிக்கொண்டு, உலகத்துச் சாதுத்தனத்தையெல்லாம் முகத்தில் பூசிக்கொண்டு, அவன் மூக்குக்கு முன்னாலேயே நடந்துபோவாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் பொந்து உடைந்தது. அம்மா வெளியே வந்தது, பின்னாலேயே குஞ்சும் வந்தது. மூன்றும் பறந்தன. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்.

மறுநாள் அவரே அந்த மரத்தைத் தள்ளினார். அதுதான் போய்விட்டதே, இனி என்ன என்று நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கைகூடத் தட்டினாள்.

இருவாச்சி தன் பொந்துக்கே திரும்பி வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் ஜோடி வந்தது. முழங்கால் உயரப் பனங்கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. பறவைகள் இரண்டும் மரம் இருந்த இடத்துக்கு மேலே சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. ஆண் பறவையின் அலகில் பழம் இருந்தது. அப்பா மிஷினை அணைத்துவிட்டுத் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மாசமே வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து இந்த பேக்கரியில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தார். பறவைப் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

“அக்கா, கிடைச்சுதா?” தம்பி வாசலில் வந்து நின்றான். அவள் மடியில் பெல்ட்டைப் பார்த்ததும், “அப்பாவா! அப்பாடா, குடு, மாட்டிடறேன்” என்று கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. அப்போது அவன் தொட்டில் பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாதியில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

“நம்ம அப்பாவா அந்த மரத்தைத் தள்ளினாரு?”

“ஆமாடா. நானும் கை தட்டினேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீ சொன்னது நிஜம்தான். நாம ஒரு டின் வாங்காததால காடு முளைக்காது. எனக்குத் தெரியும். ஆனா என்னால கொட்ட முடியாதுடா. கஷ்டம் வந்தா சேர்ந்து படுவோம். என் கை வராது.”

தம்பி எழுந்து உடம்பில் ஒட்டிய மாவைத் தட்டினான். கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு போனை எடுத்தான்.

“சார், இன்னைக்கு வராதீங்க. மிஷின் ரிப்பேர்.” கொஞ்ச நேரம் கேட்டான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “எப்ப சரியாகும்னு கேக்கறாரு.”

“வெண்ணெய் பிஸ்கட்னா நாளைக்கே. மத்ததுக்கு எப்பவும் ரிப்பேர்தான்னு சொல்லு.”

சொன்னான். அந்தப் பக்கம் லைன் கட்டானது. ஆர்டரும் அதோடு போயிற்று. தம்பி டின்னைத் தூக்கிக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனான். படிக்கட்டில் அதை நங்கென்று இடித்துக்கொண்டுதான் போனான்.

அக்கா டீயை ஆற்றி அப்பா கையில் கொடுத்தாள். வெண்ணெய் பிஸ்கட் ஒன்றைத் தோய்த்து ஊட்டினாள். அவர் மென்றுகொண்டே அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். எந்தக் காலத்திலிருந்து பார்க்கிறாரோ.

“கண்ணு, குஞ்சு வெளிய வந்துடுச்சா?”

“வந்துடுச்சுப்பா. பறந்துடுச்சு.”

“அப்ப சரி. நாளைக்கு மரத்தைத் தள்ளிடலாம்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மை அவள் கையிலும் ஒட்டியது.

“வேணாம்பா. அதுங்க திரும்பி வரும்.”

அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

“திரும்பி வருமா?”

“வரும்பா. அதே பொந்துக்குத்தான் வரும்.”

டீயைக் கீழே வைத்தார். கண் கலங்கியது, ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு பெல்ட்டை எடுத்துக் கேரியரின் அடித்தட்டில் பத்திரமாக வைத்து, கொக்கியை மாட்டி, அவள் மடியில் வைத்தார்.

“அப்ப இதை வீட்டுக்குக் கொண்டு போ” என்றார். “யாராவது கேட்டா மோர்க்குழம்புன்னு சொல்லு.”