பாதியில் விட்ட பல்

கண்டியில் என் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டியபோது எனக்கு முப்பது வயது. தோட்டப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். சிகிச்சை பாதி முடிவதற்குள், இரு நாட்டு ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தோட்டக்காரர்களான எங்களை இந்தியாவுக்கு அனுப்பத் தேதி குறித்துவிட்டார்கள். “மிச்சத்தை உங்கட நாட்டில் பாருங்கோ” என்றார் டாக்டர். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் என்னைக் கொழுந்து பறிக்கப் போட்டார்கள். கம்பி தளர்ந்து கன்னத்தைக் கிழித்தது. கெஞ்சி லீவு வாங்கி ஊட்டிக்குப் போனேன். அங்கிருந்த பல் டாக்டர் என் வாயைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஏனுங்க அம்மிணி, வாய்க்குள்ள வேலி போட்டிருக்கீங்க? இதை முறுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. கட்டினவர்கிட்டயே போங்க.”

“திரும்பிப் போக விட மாட்டாங்க டொக்டர். எங்கள நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க.”

“அதனாலென்னங்க, சொந்த ஊருக்குத்தானே வந்திருக்கீங்க? பேசாம கோணலா இருக்கற நாலு பல்லையும் புடுங்கிடலாமுங்க.”

“பல்லுல கை வைக்காதீங்க. கம்பிய மட்டும் அறுத்து விடுங்க.”

“பல்லு பழையபடி கோணிக்குமுங்க.”

“கோணட்டும்.”

அறுத்து எடுத்தார். “எங்கே, இப்பச் சிரிங்க பார்க்கலாம்.”

அவருடைய பேசினில் இரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.