காலுக்கு வந்த சான்றிதழ்

கோகிலவாணிக்கு வெட்டி எடுத்த வலது கால் மறுபடி முளைத்துவிட்டதா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அரசாங்கத்துக்கும் நம்பிக்கை என்று ஒன்று வேண்டாமா? எட்டு ஆண்டுகளாக முளைக்கவில்லை.

இந்த முறை, ஏழு வயது மகள் சஷ்டிகாவைப் பள்ளியிலிருந்து நேராக அழைத்து வந்திருந்தாள். "பத்தே நிமிசம் சாமி, அம்மா வந்துருவேன்" என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் அவளுடைய செயற்கைக் காலைக் கழற்றி மேசைமேல் நிறுத்தினார். அவளைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இடுப்பு இல்ல. கை இல்ல. தலை சுத்தமா இல்ல," என்றார். "தொண்ணூத்திரெண்டு சதவீதம் ஊனம்னு எழுதிக்கய்யா."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"சார், அது என்ற காலுங்க," என்றாள் கோகிலவாணி.

"பனியன் கம்பெனியில மிசின் மிதிக்கறது யாரு? நீங்களா, அதுவா?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய் வராது. "அதுதானுங்க," என்றாள். அதோடு காரியம் கெட்டது.

ஊனமுற்ற காலுக்கு உபகரணம் இலவசம். டாக்டர் டேப்பை எடுத்து அவளை அளந்தார். தோள், கழுத்து, மண்டை. எல்லாம் கச்சிதமாக இருந்தது. இவ்வளவு பொருத்தமான மனுஷி கிடைப்பது அபூர்வம் என்று குமாஸ்தா மனதாரப் பாராட்டினார். காலின் கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்கினார்கள். அவளுடைய பிடரியில் ஓர் எண்ணைப் பச்சை குத்தினார்கள்.

"எங்கொழந்த வெளிய உக்காந்திருக்குதுங்க."

"பயப்படாதீங்க. ராத்திரிக்கு உங்களக் கழட்டிச் செவுத்துல சாச்சு வெச்சிரும்," என்றார் டாக்டர். "ரெண்டு வருசத்துல புது மாடல் வருது. அது கொழந்தைய நெனைக்காது."

பெல்ட்டை இறுக்கினார்கள். கால் எழுந்தது. கூடவே அவளும் எழுந்தாள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். உபகரணத்தில் சத்தம் வருகிறது என்று குமாஸ்தா குறித்துக்கொண்டார்.

கால் வெளியே வந்தது. சஷ்டிகா பெஞ்சிலிருந்து குதித்து ஓடி வந்தாள். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து நின்றாள். பயனாளியின் அனுமதியின்றி உபகரணத்தைத் தொடக் கூடாது. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். கெட்டிக்காரக் குழந்தை, கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து காலிடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம மட்டும் எங்கம்மாவ நான் எடுத்துக்கட்டுங்களா?"

கால் சற்று நின்றது. பிறகு படியிறங்கியது. கோகிலவாணியும் இறங்கினாள். சஷ்டிகா பதில் வரட்டும் என்று அங்கேயே நின்றாள்.