முப்பத்தெட்டு நொடி மௌனம்

'ரோஸ்ட்கம்மர்' என்ற ஜெர்மன் இண்டஸ்ட்ரியல் ராக் குழுவுக்கு மதுரையில் பதினொரு ரசிகர்கள் இருக்கிறார்கள். ரசிகர்கள் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். ரசிகன் என்பவன் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன். இவர்கள் ஆய்வு வட்டம். இரும்புப் பீப்பாயைச் சம்மட்டியால் அடித்து, அதன்மேல் கிதாரைக் கதறவிட்டு, நடுவே ஒருவர் மில் சங்கு மாதிரி முழங்குவதைக் கண்ணை மூடிக் கேட்டு, கண்ணைத் திறந்து குறிப்பெடுத்துக்கொள்பவர்கள்.

வட்டத்தின் தலைவர் விஜய்ஆனந்த். தனியார் வங்கியில் துணை மேலாளர், வயது நாற்பத்தாறு. தேர்தல் வைத்து வந்த தலைமை அல்ல. பதினொரு பேரில் ரோஸ்ட்கம்மரை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். 2014-இல் பெங்களூரில் நடந்த அவர்களுடைய ஒரே இந்தியக் கச்சேரி. அந்த டிக்கெட்டை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறார். யார் எந்தப் பாட்டைப் பற்றி என்ன வாதாடினாலும், கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நேர்ல கேட்டா வேற மாதிரிப்பா" என்பார். விவாதம் அதோடு படுத்துவிடும்.

டிக்கெட் அசல். போனதுதான் பொய். அதே தேதியில் மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். முதலாளித்துவ இயந்திரத்தை எதிர்த்து ரோஸ்ட்கம்மர் பெங்களூரில் கர்ஜித்துக்கொண்டிருந்த நேரத்தில், விஜய்ஆனந்த் தெப்பக்குளம் பக்கம் ஒரு மண்டபத்தில் பந்திக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமனாரை எதிர்த்துப் பேசும் அளவுக்கு ஒரு ஆளைத் தயார்செய்யும் ராக் இசை இன்னும் பிறக்கவில்லை.

பொய் பத்து வருஷத்துக்கு மேல் சமர்த்தாகவே இருந்தது. போன மாதம் குழுவின் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: வெள்ளிவிழாப் புத்தகம் போடுகிறோம், எங்களை மேடையில் பார்த்தவர்கள் நினைவுகளை எழுதி அனுப்பலாம். விஜய்ஆனந்த் அனுப்பினார். தேர்வாகிவிட்டது. "இதில் உள்ளது நான் கண்டதே" என்று சனிக்கிழமை மாலைக்குள் உறுதி செய்து ஒரு மெயில் போட்டால் அச்சுக்குப் போய்விடும். அதைக் கொண்டாடத்தான் அந்த இரண்டாம் சனிக்கிழமை காலை கோரிப்பாளையத்தில் ஒரு மினி ஹால் பிடித்தார்கள்.

பிடித்த பிறகுதான் தெரிந்தது, அன்று அந்தப் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை. ஆரப்பாளையத்திலிருந்து வாடகைக்கு ஜெனரேட்டர் வந்து வாசலில் நின்று உறுமியது. அதன் சொந்தக்காரர் பேயாண்டி, ஐம்பது வயதுக்காரர், வெயில் தாங்காமல் உள்ளே வந்து ஏசிக்கு நேராகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் சாய்குமார் பேசினான். ஜவுளிக்கடை வைத்திருப்பவன், ஒன்பதாம் எண் ஆலைக்கூடத்தைப் பற்றிய 'ஹால் நைன்' என்ற ஒரே பாட்டுக்கு முப்பது ரீமிக்ஸ் சேர்த்து, போதாது என்று முப்பத்தொன்றாவதைத் தானே செய்தவன். ஏழாவது ரீமிக்ஸில் பேஸ் ஒலி கூடிப்போனதால் தொழிலாளியின் வலி குறைந்துவிட்டது என்பதை நிறுவ இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

"வலியப் பத்தி எங்கிட்டப் பேசாத சாய்" என்றாள் சத்யப்ரியா. பல் டாக்டர். இயந்திரம் குடையும் சத்தத்தில் வட்டத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தொழில் அனுபவம். "ரீமிக்ஸ் எல்லாமே மரக்கிற ஊசி போட்டுட்டுப் பல்லப் புடுங்குற மாதிரி. லைவ்தான் லைவ்."

"அப்ப அதையே போட்டுருவோமே" என்றார் விஜய்ஆனந்த், கல்யாண மாப்பிள்ளையின் அடக்கத்தோடு.

பெங்களூர்க் கச்சேரியில் யாரோ செல்போனில் பிடித்து இணையத்தில் ஏற்றிய பதிவு அது. 'ஹால் நைன்' நாலாவது நிமிஷத்தில் சட்டென்று அறுந்துபோகும். முப்பத்தெட்டு நொடி பாட்டு இல்லை. கூட்டத்திலிருந்து 'ஓ' என்று ஒரு ஓலம். கொஞ்சம் கழித்து டங், டங், டங் என்று மூன்று இரும்புச் சத்தம். பிறகு பாட்டு வெடித்துக் கிளம்பும். அந்த மௌனம் உற்பத்தியை மறுக்கும் உழைப்பாளியின் மௌனம் என்று சத்யப்ரியா பதினாலு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறாள். சாய்குமாரின் ரீமிக்ஸ் முழுக்க அந்த மூன்று டங்கால் ஆனது.

பதிவு ஓடி முடிந்ததும் விஜய்ஆனந்த் எழுந்தார். ஆங்கிலத்தில் அனுப்பியதை வட்டத்துக்காகத் தமிழாக்கியிருந்தார். "ஐயாயிரம் பேர் நடுவே நான் நின்றேன். மேலே நட்சத்திரங்கள். பாடகர் வலக்கையை உயர்த்தினார். இயந்திரங்கள் அடங்கின. ஒற்றைச் சிவப்பு விளக்கு அவர் முகத்தில். கூட்டம் ஓவென்று..."

"சார், ஒரு நிமிசம்" என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "இது பெங்களூருல வெள்ளக்காரய்ங்க பீப்பாயப் போட்டு அடிச்ச கச்சேரிதான?"

எல்லாரும் திரும்பினார்கள். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள் சத்யப்ரியா.

"நாந்தான தாயி அதுக்கு ஜெனரேட்டர் ஆப்பரேட்டரு. அப்ப அங்கன ஒரு கம்பெனில வேல. டீசல் ஃபில்டர்ல தண்ணி ஏறி செட்டு நின்னுபோச்சு. ரெண்டாவது செட்டுக்கு மாத்திவிட அம்புட்டு நேரம் ஆயிப்போச்சு."

ஹாலில் இப்போது விழுந்த மௌனத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

"அப்ப அந்த ஓலம்?" என்றான் சாய்குமார், ஈனஸ்வரத்தில்.

"கரண்டு போனா சனம் கத்துற கத்துதான் தம்பி. நீங்க தியேட்டர்ல கத்துனதில்லையா?"

கத்தாதவர் யாருமில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். தாங்களே போட்ட சத்தம். பதினெட்டாயிரம் ரூபாய் ஹெட்போனில் கேட்டபோது மட்டும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"டங், டங், டங்?"

"அது ஸ்பேனரு. செட்டு மூடி தெறக்கல. மூணு போடு போட்டேன். வேலிய ஒட்டித்தான் ஜெனரேட்டர் வண்டிய நிப்பாட்டிருந்தாய்ங்க. அந்தப் பக்கம் பூராப் பயலும் செல்போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

விஜய்ஆனந்த் சாய்குமாரின் காதருகே குனிந்து, இருவரும் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில், அந்த ஆளை டீசல் பார்க்க வெளியே அனுப்பு என்றார். சாய்குமார் பளிச்சென்று தமிழில், "டீசல் இப்பத்தானண்ணே ஊத்துனாரு?" என்றான்.

சத்யப்ரியா விஜய்ஆனந்தின் கையிலிருந்த தாளை வாங்கி, சொத்தையைத் தேடும் கண்ணோடு பார்த்தாள். "அண்ணே, ஃபில்டர்ல தண்ணி எப்படி ஏறுச்சு?"

கேள்வி விஜய்ஆனந்துக்கு. பதில் பேயாண்டியிடமிருந்து வந்தது. "மழ தாயி. ஊத்து ஊத்துனு ஊத்துச்சு. நட்சத்திரமாவது ஒண்ணாவது! லைட்டும் கெடையாது, கும்மிருட்டு. பாடுறவரு கையத் தூக்குனாரா காலத் தூக்குனாரானு அவருக்கே தெரிஞ்சிருக்காது."

இருபது கண்கள் விஜய்ஆனந்தின் மேல் வந்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கமான வாக்கியம் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. வங்கியில் அவருக்கு மேல் நாலு பேர், வீட்டில் மூன்று பேர். உலகத்தில் அவர் தலைவராக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

"நான் போகலப்பா" என்றார். "அன்னிக்கு மச்சினன் நிச்சயதார்த்தம்..."

"அண்ணே!" என்று சாய்குமார் கூவினான். அவரை அல்ல. "நீங்க நிறுத்தல. அதுவாத்தான் நின்னுச்சு. சரியா?"

"அதுவாத்தான் நின்னுச்சு" என்றார் பேயாண்டி. வேண்டுமென்றே நிறுத்தியதாகப் பழி வருமோ என்ற கவலை அவருக்கு.

"மெஷினே முடிவெடுத்திருக்கு! மனுசன் நிறுத்துனா அது நடிப்பு. மெஷினே வேலைநிறுத்தம் பண்ணிருக்கு!"

சத்யப்ரியாவின் கையிலிருந்து தாள் நழுவியது. பதினாலு பக்கத்தையும் திருத்தி எழுத வேண்டும், இருபத்தெட்டாக. "அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

"மறுநாளே வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டாய்ங்க. ஊருக்கு வந்து சொந்தமாப் போட்டேன்."

வட்டம் பரவசத்தில் பெருமூச்சு விட்டது. குழுவோடு சேர்ந்து வாசித்தவர், அதற்காக வேலையிழந்தவர், ஆரப்பாளையத்தில் இருந்திருக்கிறார்! எல்லாரும் அவரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் ஜெனரேட்டரோடு நிற்கவைத்தார்கள். ஸ்பேனர் கையில் கொடுக்கப்பட்டது.

"நான் போகவே இல்லப்பா" என்றார் விஜய்ஆனந்த் பின்னால் வந்து, சற்று உரக்க.

"சரிண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோல நிழல் விழுது" என்றான் சாய்குமார்.

பேயாண்டிதான் திரும்பிப் பார்த்தார். "வரலையா சார்? நல்லதாப் போச்சு. முட்டளவு சேறு."

புத்தகத்தில் பேயாண்டியின் நினைவுதான் வர வேண்டும் என்று வட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. மாலைக்குள் அனுப்ப வேண்டும். கடிதம் எழுதும் ஆங்கிலம் வங்கிக்காரரிடம்தான் இருந்தது. விஜய்ஆனந்த் படியில் உட்கார்ந்து போனைத் திறந்தார். அவருடைய கட்டுரை திரையில் காத்திருந்தது. 'உறுதி செய்கிறேன்' என்று தட்டி அனுப்பினால் போதும், உள்ளே போய்விட்ட வட்டத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை. கட்டைவிரல் கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றது. பிறகு முதல் வரியிலிருந்து அழித்தார்.

"சொல்லுங்க. என்ன எழுதணும்?"

பேயாண்டி பக்கத்தில் குந்தினார். "பாதில நின்னது நம்ம தப்புத்தான், மன்னிச்சுக்கிருங்கனு எழுதுங்க சார். அன்னிக்கு அவுக கிட்டப் போய்ச் சொல்ல விடல."

விஜய்ஆனந்த் எழுதினார். அந்தக் கச்சேரியைப் பற்றி அவர் எழுதிய முதல் உண்மை, அதுவும் இரவல்.

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்." பேயாண்டி எழுந்தார், உடனே மறுபடி குனிந்தார். "கீழ நம்ம நம்பரப் போட்டுவிட்ருங்க. அறுவத்திரண்டு கேவிஏ, நூத்தி இருவத்தஞ்சு கேவிஏ, ரெண்டு செட்டும் இருக்கு. ஃபில்டர் புதுசுனும் சேத்துக்கங்க. மறுபடி இந்தப் பக்கம் வந்தாய்ங்கன்னா கூப்புடட்டும்."

"நம்பரச் சொல்லுங்க" என்றார் விஜய்ஆனந்த்.