ஒன்பதாம் பள்ளிக்கு ஒரு வளைந்த கோடு

நகரக் கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்திருந்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் டீ டம்ளர்கள். ஏறக்குறைய அதன்மேல் படுத்தபடி பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தவரை எல்லோரும் ‘அங்குலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தநாள் கேக்கைக்கூட ஸ்கேல் வைத்து அளந்த பிறகே வெட்டவிடும் மனிதர் அவர்.

நகரத்தின் நாற்பத்தொரு பள்ளிகளில் பாதிக்குச் சுவர்களில் விரிசல். சிலவற்றில் பெஞ்சுகள் காலி. சிலவற்றில் ஒரே பெஞ்சில் ஆறு பேர். எல்லாவற்றையும் கலைத்து, இணைத்து, இருபத்தாறு பள்ளிகளாகப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாகியிருந்தது. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்று எல்லை போடுவது அங்குலத்தின் வேலை. விதி ரொம்ப எளிது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் இடம், பள்ளி நிரம்பும் வரை.

முதலில் கட்டி முடித்தது ஒன்பதாம் பள்ளி. மூன்று மாடி, ஆய்வுக்கூடம், நூலகம், ஓடி விளையாட மைதானம். செய்தி அங்குலத்தின் வீட்டுக்காரர் காதுக்கும் போயிற்று. அவர் கீழ் வீட்டில் இருப்பவர்; அங்குலம் மாடியில் வாடகைக்கு. அவருடைய பேரனும் அங்குலத்தின் மகளும் ஒரே வயது.

“தம்பி, ஒன்பதாம் பள்ளி நம்ம தெருவுக்குத்தானே?” என்றார் ஒரு நாள், படிக்கட்டில் வழிமறித்து.

“அளந்து பார்த்தா நாம கடைசியில வர்றோம் சார். துப்புரவுக் குடியிருப்பு நமக்கு முன்னாடி இருக்கு. அங்க நாற்பத்திரண்டு பிள்ளைங்க. அதோட இடம் நிரம்பிடும்.”

வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். “குப்பை அள்ளுறவங்க பிள்ளைங்களா? அவங்களுக்கு எதுக்கு தம்பி ஆய்வுக்கூடமும் நூலகமும்? பென்சில் உங்க கையிலதானே இருக்கு. கொஞ்சம் வளைச்சு விடுங்க. உங்க பொண்ணும்தான் படிக்கப்போறா.”

அங்குலத்தின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, கொட்டும் மழையில் கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் இந்த மனிதர்தான். அவரிடம் முடியாது என்று சொல்ல அங்குலத்துக்கு நாக்கு எழவில்லை. மறுநாள் வரைபடத்தில் அந்தக் கோடு, துடைப்பத்தைக் கண்ட பூனை மாதிரி துப்புரவுக் குடியிருப்பைச் சுற்றி வளைந்து ஓடியது. குடியிருப்பு பதினோராம் பள்ளிக்குப் போயிற்று. அங்கே புதுக் கட்டடம் வரிசையில் கடைசி. அதுவரை தகரக் கொட்டகைதான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம் மேலதிகாரி அம்மா ஓர் உத்தரவு போட்டார்: “ஒவ்வொரு எல்லையையும், அதைப் போட்டவங்களே, ஒரு பிள்ளையோட சேர்ந்து நடந்து பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.”

அங்குலம் மற்ற எல்லைகளையெல்லாம் நடந்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் கடைசியாகத் துப்புரவுக் குடியிருப்புக்குப் போனார். காலை ஏழரை மணி. குப்பை லாரி ஓட்டும் ஒரு பெண், முதல் நடையை முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி மகளோடு வந்தாள். மகளுக்கு ஏழு வயது. ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள் என்பதால் அவளுக்கு ‘சுண்டெலி’ என்று பெயர்.

நடக்கத் தொடங்கியதுமே சுண்டெலி எதிர்ப்பக்கம் கை நீட்டினாள். அங்கே ஒன்பதாம் பள்ளியின் மூன்று மாடியும் பளிச்சென்று தெரிந்தன.

“மாமா, பள்ளிக்கூடம் அங்க இருக்கு. நாம ஏன் இந்தப் பக்கம் போறோம்?”

“கோடு அப்படிப் போகுது பாப்பா.”

“கோட்டைப் போட்டவருக்குக் கண்ணு தெரியாதா?”

அம்மாக்காரி பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அங்குலம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

நான்கு பெரிய சாலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. மூன்றாவது சாலையில் லாரிகள் இடைவெளி விடாமல் வந்தன. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசுவது போலப் போனபோது, சுண்டெலி பயத்தில் அங்குலத்தின் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்தாள். பிறகு விடவேயில்லை. பதினோராம் பள்ளியை அடைந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடங்கள்.

“தினமும் நான் கூட வர முடியாது சார். எனக்கு வண்டி ஓட்டுற வேலை இருக்கு. இவ தனியாத்தான் வரணும்” என்றாள் அம்மாக்காரி. அதில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அங்குலத்தைச் சுட்டது.

அன்று மதியமே ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்து நேராகப் போட்டார். அவருடைய தெரு பதினோராம் பள்ளிக்குப் போனது. சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“அப்போ நம்ம பொண்ணு தகரக் கொட்டகையிலயா படிக்கணும்?” மனைவியின் குரல் உயர்ந்தது. பிறகு, “நம்ம வீட்டுலேருந்து எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள்.

“பதினெட்டு நிமிஷம். பெரிய சாலை ஒண்ணுகூட இல்ல.”

“அந்தப் பொண்ணுக்கு ஒன்பதாம் பள்ளிக்கு?”

“ஏழு நிமிஷம்.”

“அப்புறம் என்ன? நேராவே இருக்கட்டும். ஆனா வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டேன்.”

சொன்னார். வீட்டுக்காரர் ஒரு மாதம் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரமே பேரன் வெந்த முகத்தோடு வீடு திரும்பினான். வெயிலில் தகரம் அடுப்பாகக் கொதித்தது. முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே குழாய். வீட்டுக்காரர் ருத்ர தாண்டவம் ஆடிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

“எத்தனை வருஷமா இந்தக் கொட்டகை?” என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

“ஆறு வருஷமா சார்.”

“இதுவரைக்கும் யாரும் கேட்கலையா?”

“பெத்தவங்க கேட்டாங்க. அவங்க குரல் கல்வி அலுவலகத்து மூணாவது மாடி வரைக்கும் எட்டல. உங்க குரல் எட்டும்போலத் தெரியுது.”

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. அன்றே அந்தப் பெற்றோர்களையும் தன் தெருவினரையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்தின் படியேறினார். அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் அவர் வருகை தவறவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுத்தர்கள் பதினோராம் பள்ளிக் கோப்பை எடுத்து வைக்கப் பழகிவிட்டார்கள். கடைசியில் இருந்த பள்ளி வரிசையில் மூன்றாவதாக ஏறியது. பதினோரு மாதத்தில் இரண்டு மாடி எழும்பி நின்றது.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பழைய தகரங்களை அள்ளிப்போக நகராட்சி லாரி வந்தது. ஓட்டி வந்தவள் சுண்டெலியின் அம்மா. அங்குலம்தான் அவளை வீட்டுக்காரருக்கு அறிமுகப்படுத்தினார். வீட்டுக்காரர் கொஞ்சம் தடுமாறினார்.

“உங்க பொண்ணு எப்படிம்மா படிக்கிறா?”

“நூலகத்துலேருந்து அவளைக் கிளப்புறதுதான் சார் கஷ்டம்.”

வீட்டுக்காரர் தலைகுனிந்தார். பிறகு சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

“உங்க பிள்ளைங்களை ஒதுக்கிட்டுக் கோட்டை வளைக்கச் சொன்னவன் நான்தாம்மா. அப்படி நடந்திருந்தா இந்தக் கொட்டகை இன்னும் பத்து வருஷம் இங்கேயே நின்னிருக்கும், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நம்ம பிள்ளைக்கு மட்டும் நல்ல பள்ளிக்கூடம் கேட்டா ஒரு கட்டடம்தான் கிடைக்கும். எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டாத்தான் ஊர் முழுக்க நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும். இது எனக்கு இந்த வயசுலதான் புரிஞ்சுது.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். பிறகு வண்டியில் ஏறி, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“நல்லாச் சொன்னீங்க சார். இப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டியை ரிவர்ஸ் எடுக்கணும்.”