மழையிலும் காயும் மூடி

மாலை வகுப்புக்குப் போகும் வழியில், கருவாடு விற்கும் நபீசா றாத்தாவைக் கண்டேன். தெருவுக்கு அடியில் மின்கம்பிகள் இணையும் குழியின் இரும்பு மூடிமேல் சாக்கு விரித்து, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"மழை நாளிலையும் இதிலை காயும், தங்கச்சி. அல்லாஹ் தந்த அடுப்பு," என்றார்.

பக்கத்து மூடியில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. இதிலோ சாக்கின் ஓரத்தில் ஆவி எழுந்தது. கீழே இணைப்பு எரிகிறதோ என்று பயந்தேன். ஆனால் நான் மின்னியல் படிக்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான். என் கணிப்பு தவறென்றால் அவருடைய இடம் வீணாகப் பறிபோகும்.

"எழும்பி வாங்கோ றாத்தா. மூடியிலை கரண்ட் இருக்கலாம்."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியாமலே என்னைக் கிளப்புறியோ? நல்ல படிப்பு!"

கருவாட்டை அள்ள அவர் குனிந்தபோது கையைப் பிடித்து இழுத்தேன். ஏசினார். மின்சாரக் கந்தோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஆட்கள் வரும்வரை தெருவை மறித்து நின்றேன்.

வந்தவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, சாக்கைக் கருவாட்டோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மூடியைத் திறந்தார்கள். கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது.

றாத்தா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி எங்கை காயவைக்கிறது?"

சாக்கின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து, இடம் தேடி நடந்தோம்.