படித்திருப்பத்தில் மாட்டிய சட்டம்

சோப்புத் தொழிற்சாலையின் மாடிப்படித் திருப்பத்தில், ஊழியர் நல அதிகாரி ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார். சம வாய்ப்புக் கொள்கையின் புதிய தாள் வந்திருந்தது. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து மூடுவது அவர் வழக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் தாளில், ஆணும் பெண்ணும் சமம் என்று ஒரே வரி. பிறகு வந்தவற்றில் மதம், மொழி, வயது, உடல் குறை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சட்டத்தின் முதுகு புடைத்திருந்தது.

மேலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மேற்பார்வையாளர் வேலைக்கு யாரு? சாயங்காலத்துக்குள்ள பேரு போகணும்."

"கழுகுக்கண்ணு அக்கா சார். பேக்கிங்ல பத்தொன்பது வருஷம். நசுங்கின பெட்டிய பத்தடி தள்ளி நின்னே புடிச்சிடுவாங்க."

"திறமைய யாரு இல்லன்னா? நாற்காலி மாடியில கண்ணாடி ரூம்ல இருக்கு. அந்தக் காலோட எப்படி ஏறுவாங்க, பாவம்? பக்குவமா சொல்லிடுங்க."

அதிகாரி கீழே வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், மூஞ்சி தொங்குது? மாடிதானே?"

"அக்கா, கொள்கைப்படி உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. ஆனா..."

"அதுல என்னதான் எழுதியிருக்கு சார்? வருஷா வருஷம் நீங்க ஸ்டூலத் தூக்கிட்டுப் போறதத்தான் பாக்கறேன். நமக்கு அதுவரைக்கும் கால் எட்டலயே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ முறை புதுத் தாள் வைத்த கைதான். அதை யாரால் படிக்க முடியும் என்று ஒருமுறைகூட அவர் யோசித்ததில்லை. மனதுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி படியேறி மேலாளரிடம் போனார்.

"சார், மேற்பார்வையாளர் மேல உக்காந்து என்ன பண்றாரு?"

"கீழ நடக்கற வேலையப் பாக்கறாரு."

"அதக் கீழ இருந்தே பாத்தா?"

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். அறைக் கண்ணாடி வழியே கீழே பேக்கிங் நடப்பதைப் பார்த்தார்.

"நாற்காலிய இறக்க எத்தன பேரு வேணும்?"

"நான் ஒருத்தனே போதும் சார்."

அன்று மாலை நாற்காலி கீழே வந்தது, கூடவே சட்டமும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள் அவள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா சார், எழுதி மாட்டிட்டா மட்டும் எல்லாரும் சமமாயிட மாட்டாங்க. யாருக்காக எழுதினீங்களோ, அவங்க இருக்கற எடத்துக்கு அத இறக்கிக் கொண்டு வரணும். அப்பத்தான் அது நியாயம்."