பெருமூச்சுக்கு ஒரு முழு நிமிடம்

மகளோடு அனுப்புவதற்காக அவளுடைய பூட்ஸில் காய்ந்திருந்த குதிரை லத்தியை மாமியார் கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் குதிரை கனைத்தது.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"துக்கத்துக்குக் குதிரையில வந்தது யாருப்பா?" என்றார் மாமனார்.

அவன் எழுந்து வெளியே போனான். லாயக்காரர் பழுப்புக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் காரில் சாய்ந்தபடி குதிரையின் முதலாளி.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இன்னியோட ஆறு வாரம். டாக்டரம்மா எண்ண வேண்டிய நாள்" என்றார் லாயக்காரர்.

அந்தக் குதிரைக்கு, கால்நடை டாக்டரான அவன் மனைவி வைத்த பெயர் பெருமூச்சு. மூச்சுக்குழாய் சுருங்கும் வியாதி. இரண்டு வருடமாகத் தினமும் சிரப். குடித்தால் காற்றாய்ப் பறக்கும். சில நாள் கொடுக்க வேண்டிய மருந்தை வருடக்கணக்கில் கொடுத்தால் இதயம் பெருத்துவிடும், ஓடி நின்ற பிறகும் துடிப்பு அடங்காது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். முதலாளி மசியவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஆறு வாரம் சிரப் கிடையாது. தூசி பறக்காமல் காய்ந்த புல்லை நனைத்துப் போட வேண்டும். பிறகு ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்து இதயத் துடிப்பை எண்ணுவது. அறுபதுக்குக் கீழே வந்தால் சிரப்புக்கு முழுக்கு. வராவிட்டால் அவள் வாயே திறக்கக் கூடாது.

நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள்.

"அம்மாவே போயிட்டாங்க. இனிமே யாரு எண்ணுறது?" என்றார் முதலாளி. "சாயங்காலத்துலேர்ந்து சிரப்பை ஆரம்பிச்சிடலாம். அடுத்த மாசம் பந்தயம் இருக்கு."

"ஆறு வாரமா புல்லைக் குளிப்பாட்டியிருக்கேன் முதலாளி. பெத்த புள்ளைங்களைக்கூட நான் அப்படிக் குளிப்பாட்டினதில்ல. சார் எண்ணுவாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் லாயத்துக்குப் போவான். அவள் எண்ணி முடித்ததும் அவனை எண்ணச் சொல்வாள். ஒன்றிரண்டு தப்பும். "கணக்குல எம்.எஸ்ஸி. நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியல" என்று லாயமே அதிரச் சிரிப்பாள்.

அவன் உள்ளே வந்தான். ஸ்டெதஸ்கோப் அவள் கழுத்தில் இருந்தது. மாமியார் போட்டுவிட்டது.

"அத்தை, அதைக் கொஞ்சம் எடுத்துக்கவா?"

"எதுக்கு?"

"பெருமூச்சு வந்திருக்கு."

மாமியார் அவனையே பார்த்தாள். "நாலு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க மாப்பிள்ளை. அது இல்லாம அவ எங்கயும் கிளம்ப மாட்டா."

குழாயில் வழக்கம்போல அவள் முடி சிக்கியிருந்தது. இழுக்காமல் எடுத்தான்.

லாயக்காரர் குதிரையோடு தெருவில் மூன்று முறை ஓடி வந்தார். மூச்சு வாங்கியது என்னவோ அவருக்குத்தான். பத்து நிமிடம் எல்லோரும் குதிரையைப் பார்த்தபடி நின்றார்கள். மாமனார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவன் குதிரையின் இடது முன்னங்கால் நெஞ்சோடு சேரும் இடத்துக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தான்.

கால் நிமிடம்கூட ஆகவில்லை. "போதுமே, நாலால பெருக்கிக்கலாம்" என்றார் முதலாளி.

"உஷ்!" மாமனார் கையை ஓங்கினார். "முழு நிமிஷம். என் பொண்ணுகிட்ட குறுக்கு வழி கிடையாது."

தெரு அடங்கியது. குதிரை காதை மட்டும் அசைத்தது.

"ஆச்சு மாப்பிள்ளை."

அவன் நிமிரவில்லை.

"மாப்பிள்ளை, நிமிஷம் ஆயிடுச்சு."

"அம்பத்தாறு" என்றான். காதிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலாளி குதிரையைப் பார்த்தார். வீட்டு வாசலைப் பார்த்தார். காரிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்து லாயக்காரரிடம் நீட்டினார். "கொட்டிடு."

"இந்தச் செடிக்கு ஊத்தவா முதலாளி?"

"வேணாம்பா, செடி எழுந்து ஓடிடப் போகுது" என்றார் மாமனார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நேற்றிலிருந்து முதல் தடவை.

அந்தச் சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது. அவன் உள்ளே வந்து, குனிந்து ஸ்டெதஸ்கோப்பை அவள் கழுத்தில் போட்டான். வட்டத்தில் ஒரு பழுப்பு முடி ஒட்டியிருந்தது. எடுக்க விரலைக் கொண்டுபோனான். பிறகு அதை விட்டுவிட்டு, அவள் காலரை மட்டும் சரிசெய்தான்.